மணல் சுடுவதற்குள் தலக்காடு

பெங்களூரிலிருந்து காவிரிக் கரைக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராகச் சிவசமுத்திரம் அருவிக்கு வண்டியை விடுகிறார்கள். அருவியைப் பார்த்துவிட்ட பிள்ளைகளை அப்புறம் எந்தக் கோயிலிலும் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் முதலில் தலக்காடு, பிறகு சோமநாதபுரம், கடைசியில் அருவி. வரைபடத்தில் பார்த்தால் இது கொஞ்சம் சுற்றுதான். ஆனாலும் வெயிலுக்கு ஏற்ற வரிசை இதுவே.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை நல்லது. குடகிலும் வயநாட்டிலும் மழை வலுத்து, கண்ணம்பாடி, கபினி அணைகளில் உபரி நீர் திறந்த செய்தி வந்தால் அந்த வாரமே கிளம்பலாம். சிவசமுத்திரத்தில் அருவிக்கு மேலேயே ஆற்றைக் கால்வாய்களில் திருப்பி மின்நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். 1902-இல் கோலார் தங்கவயலுக்கும், 1905-இல் பெங்களூருக்கும் மின்சாரம் தந்த நிலையம் அது. கோடையில் போனால் பாறைதான் மிச்சம்.

விடிவதற்கு முன் கனகபுரா சாலையைப் பிடியுங்கள். மளவள்ளி வழியாகத் தலக்காடு சுமார் 130 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஆகும். சிற்றுண்டியை வழியிலேயே முடித்துவிடுங்கள்.

தலக்காட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்த மணல் கால் வைக்க விடாது. பாதாளேஸ்வரர், மருளேஸ்வரர் கோயில்கள் மணலைத் தோண்டி எடுத்த பள்ளங்களுக்குள் இருக்கின்றன; படியிறங்கித்தான் போக வேண்டும். கங்கர்களின் தலைநகராக இருந்த ஊரைச் சோழர்கள் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அவர்களை விரட்டினான். அந்த வெற்றிக்கு எழுப்பியதே கீர்த்திநாராயணர் கோயில். அதைத் தவற விடாதீர்கள்.

இத்தனை மணல் எப்படி வந்தது என்று கேட்டால் ஊரார் அலமேலம்மா என்ற பெண்ணின் சாபத்தைச் சொல்வார்கள். மைசூர் அரசரின் ஆட்கள் நகைக்காகத் துரத்தியபோது, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்து ஆற்றில் குதித்தாளாம். மேலே அணை கட்டியதால் வெளிப்பட்ட ஆற்று மணலைக் காற்று ஊருக்குள் கொண்டுவந்தது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். எதை நம்பினாலும் சரி, சாபத்தின் இரண்டாம் பகுதியை மட்டும் மறக்க வேண்டாம். கரையோரம் முழங்கால் அளவு தண்ணீர் போலத் தெரியும். நாலடி தள்ளினால் மடு. பரிசலில் ஏறுவதானால் மிதவைச் சட்டை கொடுக்கிறார்களா என்று பார்த்து ஏறுங்கள். ஆறு கலங்கி ஓடும் நாளில் பரிசலே வேண்டாம்.

சோமநாதபுரம் கேசவர் கோயிலுக்கு உச்சி வெயிலில் போனாலும் குறையில்லை. மண்டபத்துக்குள் நடுப்பகலிலும் இருட்டுதான். கண் பழகும்வரை நின்றுவிட்டு விதானங்களை அண்ணாந்து பாருங்கள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. 1268-இல் ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகன் சோமநாதன் கட்டியது. 2023-இல் பேலூர், ஹளேபீடு கோயில்களோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வெளிச்சுவரை வலமாகச் சுற்றுங்கள். யானை வரிசையில் தொடங்கி மேலே பார்த்துக்கொண்டே போனால் தெற்கில் ராமாயணம், மேற்கில் கண்ணன் கதை, வடக்கில் பாரதம். சிலைகளின் அடியில் சிற்பிகள் கன்னடத்தில் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். மல்லிதம்மா என்ற பெயரைக் காவலரிடம் கேட்டால் காட்டுவார். இங்கே பூஜை கிடையாது, அதனால் அவசரப்படுத்த யாரும் இல்லை. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்குப் பன்னூர்.

மூன்று மணிக்குள் அருவிப் பக்கம் வந்துவிடுங்கள். ககனசுக்கியும் பரசுக்கியும் ஆற்றின் இரு கிளைகளில் விழும் அருவிகள். சாலை வழியாகச் சுற்றித்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியும். பரசுக்கியில் படி இறங்கி ஏற வேண்டும், முதலில் அதை முடியுங்கள். நடுத்தீவில் மத்தியரங்கர் கோயில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் நம் திருவரங்கத்துக்கும் நடுவே பள்ளிகொண்டவர். பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ராமசாமி முதலியார் கட்டிய கல்பாலம். 2018 வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்டது. மிச்சத்தைத் தள்ளி நின்று பாருங்கள். ககனசுக்கியைப் பார்வை மேடையிலிருந்து பார்த்தால் போதும். அங்குள்ள தர்கா பக்கத்துப் பாறைகளில் இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு.

இருட்டுமுன் மளவள்ளியைத் தாண்டிவிடுங்கள். முடிந்தால் சனிக்கிழமை போங்கள். ஞாயிறு மாலை ஊர் திரும்பும் வண்டிகளெல்லாம் கனகபுரா சாலையில்தான் நிற்கும்.