யந்திர விளையாட்டில் நம் இட்டலி

தொலைக்காட்சிப் பெட்டியோடு பிணைத்து ஆடும் யந்திர விளையாட்டுக்களுள், டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் நிலையத்தார் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'வையே யாம் முதற்கண் போற்றுவோம். கானடாவிற் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தியின் கதை அது, 1988-இல் தொடங்குகின்றது. சிதைந்த சமையற் குறிப்பில் மறைந்த படிகளை ஊகித்தறிதலே ஆட்டம். முதற்பாடம் இட்டலி; நீராவி செல்லுமாறு தட்டுக்களை அடுக்கல் வேண்டும். அன்னையார் அடுக்குங்கால் அருகிருந்து நோக்காத சேலத்து மாணாக்கர் இங்கே இடறுதல் திண்ணம்! மகன் கவின் தமிழை விட்டு ஆங்கிலம் பற்றுங்கால் அவள் வாடும் பகுதி நெஞ்சை உருக்கும். விரைவில் முடிந்துவிடுதல் ஒன்றே குறை.

நிற்க. ஐதராபாத்து கேம்சாஸ்திரா நிலையத்தார் 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு இயற்றிய 'தேசி அட்டா'வை நினைப்பார் அரியர். கபடியும் கில்லியும் அதன்கண் உள. நயத்தில் வெண்பாவுக்கு ஈடன்று. எனினும் நாமக்கல் களத்துமேட்டுப் பிள்ளைகள் ஆடியவற்றைத் திரையில் ஏற்றிய அதனைப் பழம்பொருட் கடையிற் காண்போர் விடற்க.