பக்கவாத்தியம் பேசத் தொடங்கியபோது

மேடையில் டபுள் பேஸ் வாசிப்பவரை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆளுயரத்திற்கு நிற்கும் அந்த நான்கு தந்தி வாத்தியம் பின்னால் எங்கோ முழங்கிக்கொண்டிருக்கும். பல்கலைக்கழக இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் எனக்கு அந்த நிலை நன்கு பழக்கம். 'பக்கவாத்தியமும் பேசலாம்' என்று எனக்குக் காட்டியவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ (1936–1961).

அவர் காலத்தில் பேஸ் கலைஞரின் பணி தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. தட்டுக்கு ஒரு சுரமாகச் சீராக நடைபோட்டு மற்றவர்களைத் தாங்க வேண்டும். 1940 வாக்கில் டியூக் எலிங்டன் குழுவின் ஜிம்மி பிளான்டன் இந்த வாத்தியத்தைத் தனித்து ஒலிக்கச் செய்தார். லஃபாரோ மேலும் ஒரு படி சென்றார். பிறர் வாசிக்கும்போதே இடையிடையே நடையை நிறுத்தி, மேல் சுரங்களில் மறுமொழி சொன்னார்.

இதைக் கேட்டுணர, பியானோ கலைஞர் பில் இவான்ஸ், டிரம்ஸ் கலைஞர் பால் மோட்டியன் ஆகியோருடன் 1959 டிசம்பரில் அவர் பதிவு செய்த 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' இசைத்தட்டில் உள்ள 'ஆட்டம் லீவ்ஸ்' பாடலைக் கேளுங்கள். தொடக்க மெட்டு முடிந்ததும் யார் தலைவர், யார் துணை என்று சொல்ல முடியாது, மூவரும் உரையாடுகிறார்கள். அதன் பிறகே வழக்கமான நடை தொடங்குகிறது.

இதில் மயங்கிய நான், ஒரு கலைநிகழ்ச்சியில் பாடகி மூச்சுவிட்ட இடமெல்லாம் என் சுரங்களை நிரப்பினேன். பாவம், அவர் அடியெடுக்க முடியாமல் தடுமாறினார். நிகழ்ச்சி முடிந்தபின் அவர் என்னிடம் பேசவே இல்லை. கைதட்டலைவிட அந்த மௌனமே என் காதில் நின்றது.

தவறு எங்கே என்பதை உணர்த்தியதும் லஃபாரோதான். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் அம்மூவரும் ஐந்து சுற்றுகள் வாசித்தார்கள். அன்று பதிவான 'மை ஃபூலிஷ் ஹார்ட்' பாடலில் அவர் மிகக் குறைவான சுரங்களையே வாசிக்கிறார். ஒவ்வொன்றும் பியானோவைக் கேட்ட பின்னரே பிறக்கிறது. அவ்வளவு வேகமாக வாசிக்கத் தெரிந்தவர், எங்கே அடங்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் மறைந்தார். வயது 25. நண்பரை இழந்த இவான்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளிலிருந்து வெளியான முதல் இசைத்தட்டு, லஃபாரோவே இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்கி 'ஜேட் விஷன்ஸ்'ஸில் முடிகிறது. பின்னாளில் இவான்ஸுடன் வாசித்த எடி கோமெஸ், மார்க் ஜான்சன் ஆகியோர் அவர் திறந்த வழியிலேயே நடந்தார்கள்.

ஏறத்தாழ நம் வயதில் அவர் விட்டுச்சென்ற பாடம் இது: பேசும் உரிமை கேட்கத் தெரிந்தவனுக்கே உண்டு. அடுத்த ஒத்திகையில் அந்தப் பாடகியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அவர் பாடுவதை முதன்முறையாகக் கேட்டேன்.