ஆண்டு ஒன்றுக்குப் போகும் பிள்ளையும் அரிவு வெட்டுக் காலமும்

வன்னியில் காலபோக நெல் முற்றி அரிவு வெட்டு ஆரம்பமாகும் காலமும் பாடசாலைகளில் புது ஆண்டு தொடங்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஐப்பசியில் விதைத்த வயல் தையிலும் மாசியிலும் வெட்டுக்கு வருகிறது. பாடசாலை ஆண்டும் வழமையாகச் சனவரியில் ஆரம்பிக்கிறது. (கொரோனாவும் அதற்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியும் சில ஆண்டுகளுக்கு இந்த ஒழுங்கைக் குழப்பிவிட்டன.) சொந்த வயல் உள்ள குடும்பத்துக்கே இது இடுப்பு ஒடியும் மாதம். சொந்தக் காணியை விட்டு வந்து, பிறருடைய நிலத்தில் குத்தகைக்கு விதைத்தும் கூலிக்குப் போயும் சீவிக்கும் குடும்பத்துக்கோ வருடத்தில் கையில் காசு காணக்கூடிய மாதமும் இதுதான். வெட்டு மெசின் வந்த பின்னர் அரிவாள் பிடிக்கும் வேலை குறைந்துவிட்டது. ஆனால் நெல் காயவைப்பதும், கச்சான் பிடுங்குவதும், பிடுங்கியதை இருந்து ஆய்வதும் இன்னமும் தாய்மாரின் கைகளில்தான் இருக்கின்றன.

அப்பொழுது ஐந்து வயதுப் பிள்ளை எங்கே நிற்கும்? ஒன்றில் தாயோடு கச்சான் தோட்டத்தில் ஒரு மர நிழலில் நிற்கும். இல்லாவிட்டால் ஆண்டு நான்கிலோ ஐந்திலோ படிக்கும் அக்காவை வீட்டில் மறித்து, அவளுடைய பொறுப்பில் விடப்படும். அப்படியானால் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. இதைப் பற்றிக் கேட்டால் பல பெற்றோர் சொல்லும் மறுமொழி ஒன்றுதான்: “ஆண்டு ஒன்றுதானே சுவாமி, ஆனா ஆவன்னாதானே, வெட்டு முடியப் போய்ப் பிடிச்சுக்கொள்ளும்.”

இந்த வசனத்தைப் பற்றியே இம்முறை கொஞ்சம் யோசிப்போம்.

ஆண்டு ஒன்றின் (இப்பொழுது தரம் 1 என்கிறார்கள்) முதற் கிழமைகளில் ஆனா ஆவன்னா படிப்பிப்பதில்லை. 1999ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், பிள்ளைக்குப் படிப்பிப்பதற்கு முன்னர் ஆசிரியை பிள்ளையை இனங்காண வேண்டும் என்று ஒரு நல்ல ஒழுங்கை ஏற்படுத்தியது. பாடத்திட்டங்கள் அதன் பின் இடைக்கிடை மாறினாலும் அதன் நியாயம் மாறவில்லை. முதல் நாளில் ஆண்டு இரண்டுப் பிள்ளைகள் புதியவர்களைக் கையில் பிடித்து வகுப்புக்குள் அழைத்து வருவார்கள். பின்னர் பாட்டும் விளையாட்டும் கதையும் களிமண் வேலையுமாக நாட்கள் போகும். வேலியால் எட்டிப் பார்க்கும் தகப்பனுக்கு, “இது என்ன, விளையாட விட்டிருக்கிறார்கள்” என்றே தோன்றும். ஆனால் ஆசிரியை சும்மா இருப்பதில்லை. எந்தப் பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, எது படத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறது, எது இடக்கையால் எழுதப்போகிறது, எது மற்றப் பிள்ளைகளோடு சேராமல் மூலையில் நிற்கிறது, எது பசியோடு வருகிறது என்றெல்லாம் அவர் கவனித்துக் குறித்துக்கொள்கிறார். வருடம் முழுவதற்குமான கற்பித்தல் இந்தக் குறிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறது.

ஆறு கிழமை பிந்தி வரும் பிள்ளை இதையெல்லாம் தவறவிடுகிறது. அது வரும்போது குழுக்கள் அமைந்து விட்டன, பாயில் இடம் பிடித்தாயிற்று, சிநேகிதர் சேர்ந்தாயிற்று, பாட்டு மற்றவர்களுக்குப் பாடம். எழுத்தைப் பின்னர் பிடித்துக்கொள்ளலாம் என்பது ஓரளவுக்கு உண்மை. இடத்தைப் பின்னர் பிடிப்பதே கஷ்டம். அதிலும் இடம்பெயர்ந்த பிள்ளைக்கு “காம்ப் பிள்ளை”, “புதுசா வந்தது” என்ற பெயர் முன்னமே காத்திருக்கிறது. மிளகாய்க் கன்றைப் பிடுங்கி நட்டவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லாக் கன்றையும் ஒரே நாளில் நட்டுத் தண்ணீர் விட்டால் எல்லாம் ஒன்றாக வாடி ஒன்றாக நிமிரும். பிந்தி நட்ட கன்று மற்றவற்றின் நிழலுக்குள் நின்றுவிடும்.

ஆகவே முதல் நாளே பிள்ளையை அனுப்புங்கள். வேலை நாட்களில் பிள்ளையை யார் கொண்டுபோவது, யார் கூட்டி வருவது என்பதை வெட்டு ஆரம்பிக்க முன்னரே ஒழுங்கு செய்ய வேண்டும். ஒரே குடியிருப்பில் நாலைந்து வீடுகள் சேர்ந்தால், ஒரு நாளுக்கு ஒரு தாய் வேலைக்குப் போகாமல் நின்று எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாய் இழக்கும் கூலியை மற்றவர்கள் பங்கிட்டுக் கொடுப்பதா, அல்லது முறை மாறி வருவதால் கணக்குச் சரியாகிவிடுமா என்பதை மாதர் சங்கத்தில் இருந்து பேசித் தீர்மானியுங்கள். காசுக் கதையைப் பேசாமல் விட்ட ஒழுங்குகள் இரண்டாம் கிழமையிலேயே குழம்பிப்போகின்றன.

பத்திரங்கள்

சனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளையை அந்த ஆண்டு தரம் ஒன்றில் சேர்க்க வேண்டும். விண்ணப்பம் முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோரப்படும். அதைத் தவறவிட்டவர்கள், “இனி அடுத்த வருடம்தான்” என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். எங்கள் கிராமப் பாடசாலைகளில் பெரும்பாலும் இடத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகளே குறைவு. அதிபரை நேரில் போய்க் காணுங்கள்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்த குடும்பங்கள் எம்மிடையே அநேகம். சிலருடையது யுத்தத்தில் போயிற்று. சிலருடையது 2018 மார்கழி வெள்ளத்தில் பெட்டியோடு போயிற்று. பதிவு செய்யப்பட்ட பிறப்பென்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி எந்தப் பிரிவில் இருந்தது என்பதும் பிறந்த திகதியும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாமல் விட்டவர்கள் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவே இல்லாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் கிராம அலுவலரிடம்.

பத்திரம் வந்த பின்னர் பிள்ளையைச் சேர்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். பத்திரம் ஒரு பக்கத்தால் வரட்டும், பிள்ளை மறுபக்கத்தால் பாடசாலைக்குப் போகட்டும். ஐந்து முதல் பதினான்கு வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1998 சனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2016இல் மேல் வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. இது பெற்றோருக்குக் கடமை என்றால் பாடசாலைக்கும் கடமையே. பத்திரக் குறைவைக் காட்டி யாராவது பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். எழுத வராவிட்டால் பங்குத்தந்தையிடமோ சங்கச் செயலாளரிடமோ எழுதுவியுங்கள். வாய்ச் சொல்லை மறுக்கலாம், கடிதம் கோவையில் கிடக்கும்.

பட்டணத்துப் பெரிய பாடசாலைகளுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல். அங்கே வதிவிடத்தை வாக்காளர் இடாப்பைக் கொண்டு பார்க்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுக்கும், 2007இல் முள்ளிக்குளத்தை விட்டு வந்தவர்களுக்கும், பெயர் எந்த ஊர் இடாப்பில் இருப்பது என்பதே நீண்ட காலம் பெருந்தொல்லையாக இருந்தது. அந்த அநியாயத்தைக் கேட்பது வேறு விடயம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை விடிய ஐந்து மணிக்கு எழுப்பி பஸ்ஸில் ஏற்றுவதிலும், நடந்து போகும் தூரத்தில் ஒரு நல்ல ஆசிரியை இருப்பது மேல் என்பது என் எண்ணம்.

என்ன வாங்க வேண்டும்

பாடப் புத்தகங்கள் 1980இலிருந்து இலவசம். சீருடைத் துணி 1993இலிருந்து கொடுபடுகிறது. அரசாங்கப் பாடசாலையில் அனுமதிக்கென்று காசு கேட்க யாருக்கும் உரிமை இல்லை. 2025இன் தொடக்கத்தில் அசுவெசும பெறும் குடும்பங்களின் மாணவருக்குக் கொப்பி முதலியவை வாங்க 6000 ரூபாய் கொடுப்பனவு வந்தது. இவ்வருடம் என்ன உண்டென்று அதிபரிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டு வையுங்கள். புதுப் புத்தகப்பைக்கும் படம் போட்ட தண்ணீர்ப் போத்தலுக்குமாக நெல் விற்க முன்னரே வட்டிக்குக் காசு வாங்குவது நல்லதல்ல. தோய்த்துக் காயவைத்த உடுப்பும், காலுக்கு அளவான செருப்போ சப்பாத்தோ, இரண்டு கொப்பியும் போதும். சப்பாத்து இல்லாத காரணத்துக்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது. இதை ஆசிரியர்களும் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்

விஜயதசமியில் ஏடு தொடக்கிய நாளிலிருந்து பிள்ளையின் விரலைப் பிடித்து “அ” எழுதுவிப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். பிழையாகப் போனால் குட்டும் விழுகிறது. தயவு செய்து இதை விடுங்கள். நாலு வயது விரல்கள் பென்சிலுக்கு இன்னும் பலமில்லாதவை. மண் பிசைவதும், புளியங்கொட்டை பொறுக்கி எண்ணுவதும், பனையோலையை மடித்துக் காற்றாடி செய்வதும் அந்த விரல்களுக்கு எழுதப் பழக்குகின்றன. தன் முழுப்பெயர், தாய் தகப்பன் பெயர், இருக்கும் குடியிருப்பின் பெயர் இவற்றைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “ஒண்டுக்கு வருகுது”, “தண்ணி விடாய்க்குது”, “வயித்துக்குள்ள குத்துது” என்று வெட்கப்படாமல் ரீச்சரிடம் சொல்லத் தெரிய வேண்டும். கழுவவும், பொத்தான் பூட்டவும், தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவும் தெரிய வேண்டும். இவற்றோடு போகும் பிள்ளை, ஐம்பது எழுத்து எழுதத் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளையிலும் பார்க்க விரைவாகப் படிக்கும்.

பிள்ளையோடு கதையுங்கள். வேலைக்குப் போகும் வழியில், அடுப்படியில், கிணற்றடியில் கதைத்தாலே போதும். விட்டு வந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் என்ன மரம் நின்றது, அப்பப்பா எந்தக் குளத்தில் மீன் பிடித்தார் என்பதெல்லாம் பிள்ளைக்குக் கதைதான். சொற்கள் நிறையக் கேட்ட பிள்ளைக்கு வாசிப்பு இலகுவாக வரும்.

முதற் கிழமையில் சில பிள்ளைகள் அழும். வீடு மாறி மாறி வந்த பிள்ளைகள் கூடுதலாக அழலாம். தாய் விட்டுப் போனால் திரும்ப வருவாளோ என்ற பயம் அவர்களுக்கு அதிகம். சொல்லாமல் ஒளித்துப் போகாதீர்கள். “மணி அடிக்க அம்மா அந்த வேம்படியில நிப்பன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்தில் அங்கே நில்லுங்கள். “அழுதால் ரீச்சர் அடிப்பா” என்று வெருட்டவும் வேண்டாம். ஆசிரியரிடம் போய், “கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அடியுங்கோ” என்று பழைய வழக்கத்தில் சொல்லவும் வேண்டாம். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடுத்து 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

சாப்பாடு, மருந்து பற்றிச் சுருக்கமாக. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இலைக்கஞ்சியோ அவித்த பயறோ, பிஸ்கட்டிலும் நல்லது. பாடசாலையில் உணவு கொடுபட்டால் சமையல் முறைக்கு நீங்களும் போங்கள். ஐந்து வயது முடிந்ததும் கொடுக்க வேண்டிய தடுப்பு மருந்து கிடைத்துவிட்டதா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆண்டு ஒன்றில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அந்த நாளில் பிள்ளையை மறிக்க வேண்டாம்.

இன்னொரு விடயம் இருக்கிறது, அதை யாரும் கூட்டங்களில் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்று ஆண்டு ஒன்றுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் இளம் தாய் தகப்பன்மார் சிலர், 2009இல் தாங்களே சிறு பிள்ளைகள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் கொப்பியையே காணாதவர்களும் இருக்கிறார்கள். வாசிக்கத் தடுமாறுவதால் பெற்றோர் கூட்டத்துக்குப் போகக் கூச்சம், ஒப்பம் இடும் தாளை முன்னே நீட்டினால் பயம். “நான் என்னத்தை ரீச்சரோட கதைக்கிறது” என்று பின்வாங்குகிறார்கள்.

அவர்களுக்குச் சொல்லுகிறேன்: பிள்ளையின் முதல் ஆசான் பெற்றோரே என்று திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலே கற்பித்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்த பெற்றோர் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆசிரியைக்குத் தெரியாத பல விடயங்கள் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு இரவில் காதில் சீழ் வடிகிறதா, எதற்குப் பயப்படுகிறது, எந்தக் கதைக்குச் சிரிக்கிறது, இந்த இரண்டு வருடத்தில் எத்தனை வீடு மாறியது என்பதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள். மாலையில் பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்தால், “எனக்கு வாசிச்சுக் காட்டு” என்று கேளுங்கள். பிள்ளை படத்தைப் பார்த்துத் தன் பாட்டில் ஒரு கதை சொல்லும், கேட்டுக்கொண்டிருங்கள். சில மாதத்தில் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும்போது பக்கத்தில் இருந்து கேட்கும் தாயும் சேர்ந்து பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் கொப்பி ஒன்று வேண்டுமென்றால் மாதர் சங்கத்தில் சொல்லுங்கள், வாங்கித் தருவார்கள்.