அங்கவடி: தாங்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

சென்னைத் தீவுத்திடலை ஒட்டி ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ குதிரைமீது அமர்ந்திருக்கும் சிலை அது. பிரான்சிஸ் சாண்ட்ரி என்னும் ஆங்கிலேயச் சிற்பி உருவாக்கிய இச்சிலை 1839ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்டது. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது மன்றோவின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். அவை எதன்மீதும் ஊன்றாமல் தொங்குகின்றன. குதிரையின் முதுகில் சேணம் இல்லை. பாதங்களைத் தாங்கும் அங்கவடிகளும் இல்லை.

சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆனால் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் சாண்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையிலும் இவை இரண்டும் இல்லை. ஆகவே, அவர் அறிந்தே அவ்வாறு செய்தார் எனக் கொள்ளலாம். வெண்கல வீரருக்குக் கால் வலிக்காது. குதிரை துள்ளினாலும் அவர் விழமாட்டார். உயிருள்ள மனிதரின் நிலை வேறு. அவருக்கு அங்கவடி வேண்டும். அதுவும் பொருத்தமான அங்கவடி வேண்டும். பொருந்தாத அங்கவடி இல்லாத அங்கவடியைவிட ஆபத்தானது. ஏன் என்று பார்ப்போம்.

அங்கவடி என்ன செய்கிறது?

அங்கவடி என்பது சேணத்தின் இரு பக்கங்களிலும் தோல்வாரில் தொங்கும் உலோக வளையம். அதன் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். பாதம் ஊன்றும் இந்தப் பகுதியை மிதிதளம் என்று அழைப்போம்.

ஓர் எளிய சோதனை செய்யுங்கள். உயரமான மேசையின் விளிம்பில் கால்கள் தரையைத் தொடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போவதை உணர்வீர்கள். இப்போது பாதங்களின் கீழ் ஒரு முக்காலியை வையுங்கள். உடனே சுகமாக இருக்கும். கால்களின் எடையை இதுவரை தொடை தாங்கியது. இப்போது முக்காலி தாங்குகிறது. குதிரைமீது அங்கவடி செய்யும் முதல் வேலை இதுவே.

இரண்டாவது வேலை, அதிர்ச்சியைத் தணிப்பது. குதிரை ஓடும்போது அதன் முதுகு மேலும் கீழும் அசைகிறது. சவாரி செய்பவர் அங்கவடியை ஊன்றிச் சற்றே எழும்போது அவருடைய கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்று மூட்டுகளும் மடங்கி நிமிர்ந்து விற்சுருள்போல் செயல்படுகின்றன. குதிரையின் முதுகு அசைந்தாலும் அவருடைய உடல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முன்னேறுகிறது.

குதிரைப் பந்தய வீரர்கள் 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அங்கவடி வார்களைக் குட்டையாக்கி, முன்னால் குனிந்து சவாரி செய்யத் தொடங்கினர். அக்காலத்தில் பந்தய நேரங்கள் 7 விழுக்காடு வரை குறைந்தன. இங்கிலாந்தின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் இதற்கு விளக்கம் அளித்தனர். வீரரின் எடையைக் குதிரை தாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவர் உடலையும் சேர்த்து ஆட்ட வேண்டியதில்லை. குதிரையின் உழைப்பு மிச்சமாகிறது.

கண்ணியிலிருந்து வளையத்துக்கு

பண்டைய ரோமானியர்களுக்கு அங்கவடி தெரியாது. நம் நாட்டில் சாஞ்சி போன்ற இடங்களில் உள்ள, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சிற்பங்களில், கால் விரலையோ பாதத்தின் முனையையோ நுழைத்துக்கொள்ளும் கண்ணிகள் காணப்படுகின்றன. வெறுங்காலுடன் சவாரி செய்தவர்களுக்கு இது உதவியது. ஆனால் கண்ணியில் இரு குறைகள் உண்டு. அது குறுகியது, எனவே விரல்களை உறுத்தும். அது வளைந்துகொடுப்பது, எனவே விழும்போது காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சீனாவின் சாங்ஷா நகரில் கி.பி. 302ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையில் குதிரை வீரர் பொம்மைகள் கிடைத்தன. அவற்றில் குதிரையின் இடப்பக்கத்தில் மட்டும் சிறிய அங்கவடி ஒன்று தொங்குகிறது. வீரரின் பாதம் அதில் இல்லை. ஏறுவதற்கு மட்டுமே அது பயன்பட்டது போலும்! வட சீனாவில் கி.பி. 415இல் இறந்த பெங் சுபூ என்பவரின் கல்லறையில், மரத்தின்மேல் பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு வேய்ந்த ஒரு சோடி அங்கவடிகள் கிடைத்தன. வளையாத சட்டமும் தட்டையான அடிப்பகுதியும் வந்துவிட்டன. மிதியடி அணிந்த பாதம் எளிதில் நுழையலாம், எளிதில் வெளிவரலாம்.

பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் அகலம். அங்கவடி குறுகலாக இருந்தால் பாதம் சிக்கிக்கொள்ளும். மிகவும் அகலமாக இருந்தால் பாதம் முழுவதும் உள்ளே நழுவி, கணுக்கால்வரை மாட்டிக்கொள்ளும். இரண்டு நிலைகளிலும், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓட நேரிடலாம். சவாரியில் மிகக் கொடிய விபத்து இதுவே. மிதியடியின் மிக அகலமான பகுதியை அளந்து, அதனுடன் சுமார் 2.5 செ.மீ. கூட்டிக்கொள்வது வழக்கம். மிதியடி 9.5 செ.மீ. அகலமானால், 12 செ.மீ. உள் அகலமுள்ள அங்கவடி பொருந்தும். இருபுறமும் ஒரு விரல் அகலம் இடைவெளி இருக்கும்.

மிதியடியும் இதில் பங்கு பெறுகிறது. சிறிய குதிகால் கட்டை உள்ள மிதியடி, பாதம் அங்கவடிக்குள் நழுவிப் போவதைத் தடுக்கிறது. குதிகால் கட்டை இல்லாத விளையாட்டுக் காலணி அவ்வாறு தடுப்பதில்லை.

அடுத்து மிதிதளம். 50 கி.கி. எடையுள்ள மாணவர் ஒருவர் அங்கவடிகளின்மேல் எழுந்து நிற்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு பாதத்தின்மீதும் 25 கி.கி. எடைக்குச் சமமான விசை செயல்படும். மிதிதளம் 8 செ.மீ. நீளத்துக்குப் பாதத்தைத் தொடுகிறது என்போம். அதன் அகலம் 1 செ.மீ. மட்டுமே என்றால், பரப்பு 8 சதுர செ.மீ. அப்போது அழுத்தம், சதுர செ.மீட்டருக்கு 3 கி.கி. எடைக்கு மேல். அகலம் 4 செ.மீ. என்றால், பரப்பு 32 சதுர செ.மீ. ஆகும், அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நீண்ட நேரம் சவாரி செய்பவர்கள் அகலமான மிதிதளத்தை விரும்புவதற்குக் காரணம் இதுதான். மிதிதளத்தில் பதிக்கும் இரப்பர்த் தகடு உராய்வைக் கூட்டிப் பாதம் வழுக்காமல் காக்கிறது.

பாதத்தின் எப்பகுதியை மிதிதளத்தில் வைப்பது? விரல்களுக்குப் பின்னால் உள்ள அகலமான பகுதியை வைத்து, குதிகாலைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். அப்போதுதான் கணுக்கால் விற்சுருளாக இயங்கும். நடுப்பாதம்வரை நுழைத்தால் அந்த இயக்கம் தடைப்படும். பாதம் சிக்குவதும் எளிதாகும்.

மூன்றாவது எடை. கனமான எஃகு அங்கவடி அதிகம் அலையாமல் தொங்குகிறது. நழுவிய பாதம் அதை மீண்டும் தேடிக்கொள்வது எளிது. பாதத்தை எடுத்ததும் தன் எடையால் விலகிக் கீழே விழுகிறது. பந்தயங்களிலோ ஒவ்வொரு கிராமும் கணக்கில் வருவதால், இலேசான அலுமினிய அங்கவடியை நாடுகின்றனர்.

வாரின் நீளமும் வலிமையும்

அங்கவடியை வாங்கினால் மட்டும் போதாது. வாரின் நீளமும் சரியாக இருக்க வேண்டும். தரையில் நின்றபடி, வார் மாட்டப்பட்டுள்ள சேணக் கொக்கியின்மேல் விரல் நுனிகளை வையுங்கள். கையை நேராக நீட்டுங்கள். வாரையும் அங்கவடியையும் கையை ஒட்டிப் பிடித்தால், அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். இது தொடக்க அளவு. ஏறிய பின் சற்றே கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

குதிரையில் இடப்பக்கமிருந்து ஏறுவதே வழக்கம். அப்போது உடலின் முழு எடையும் இடது வாரில் விழுகிறது. நாளடைவில் இடது வார் நீண்டுவிடும். பிறகு சவாரி செய்பவர் ஒரு பக்கம் சாய்ந்து அமர்வார்; குதிரையின் முதுகிலும் ஒரு பக்கமே அதிகம் அழுந்தும். வார்களை அவ்வப்போது இடம் வலமாக மாற்றி மாட்டினால் இரண்டும் சமமாக நீளும். உயரமான மேடைமீது நின்று ஏறினால், வாரும் தப்பும், சேணமும் பக்கவாட்டில் திரும்பாது.

விடுவிக்கும் வழிகள்

சிறுவர்களுக்கான ஒருவகை அங்கவடியில் வெளிப்பக்கத்தில் உலோகத்துக்குப் பதில் தடித்த இரப்பர் வளையம் இருக்கும். விழும்போது பாதம் பக்கவாட்டில் இழுக்க, இரப்பர் கழன்று வழிவிடும். இரப்பர் எப்போதும் வெளிப்பக்கமே இருக்க வேண்டும்; வெடிப்பு விட்டால் மாற்ற வேண்டும். இவ்வகையில் எடை முழுவதையும் ஒரு பக்கத்துக் கம்பியே தாங்குவதால், எடை மிகுந்தவர்கள் நின்றால் மிதிதளம் வளையக்கூடும். பாதுகாப்பு கூடினால் வலிமை சிறிது குறைகிறது.

சேணக் கொக்கியின் பின்முனையும் திறந்தே இருப்பது நல்லது. சிக்கிய கால் வாரைப் பின்னோக்கி இழுத்தால், வார் கொக்கியிலிருந்து நழுவிவிடும்.

மெரினா கடற்கரையிலோ உதகையிலோ நீங்கள் குதிரை ஏறும் வாய்ப்பு வரலாம். தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவில் சேரவும் கூடும். அப்போது கால் எட்டவில்லை என்று பாதத்தை வாருக்குள் செருகாதீர்கள். வார் பழைய கண்ணியைப் போன்றது, பிடிக்கும், விடாது. “வாரைக் குட்டையாக்குங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். அரை நிமிட வேலைதான்.

நல்ல அங்கவடிக்கு இரு குணங்கள் வேண்டும். சவாரியின்போது பாதத்தைத் தாங்க வேண்டும். ஆபத்தின்போது விட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது நல்ல அங்கவடி ஆகாது.

செய்து பாருங்கள்

1. உங்கள் காலணியின் மிக அகலமான பகுதியை அளவுகோலால் அளந்து, உங்களுக்கு ஏற்ற அங்கவடியின் அகலத்தைக் கணக்கிடுங்கள்.

2. புத்தகங்கள் நிறைந்த பையை மெல்லிய கயிற்றாலும், பிறகு அகலமான துணிப்பட்டையாலும் தூக்கிப் பாருங்கள். கை எப்போது அதிகம் வலிக்கிறது? காரணத்தை மிதிதளத்துடன் ஒப்பிட்டு எழுதுங்கள்.