கண்ணும் கருத்தும்

பழனி மலைத்தொடரின்மீது கோடைக்கானலுக்குச் செல்லும் சாலையில், அந்நகரை அடைவதற்குச் சற்று முன்னர் அமைந்துள்ள சிற்றூர் பெருமாள்மலை. காப்பியும் வாழையும் விளையும் சரிவுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. காலைப் பொழுதில் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி, மரத்தையும் மனையையும் ஒருங்கே மறைத்துவிடும். எதிரே வருவோர் யாவர் என்பதும் புலப்படாது. ஆயினும், கதிரவன் ஏற ஏறப் பனி விலகும். மலையும் மடுவும் தெளிவுறத் தோன்றும்.

விலகாத மூடுபனி ஒன்றும் உண்டு. மலைத்தோட்டத்தில் உழைத்து முதுமை எய்திய ஒருவரை எண்ணிப் பாருங்கள். நண்பகலிலும் அவர் கண்முன் வெண்புகை படர்ந்தாற்போல் இருக்கிறது. காப்பிச் செடியில் பழம் எது, காய் எது என்று அவரால் காண இயலவில்லை. செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் கால் வைக்க அஞ்சுகிறார். நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர், இன்று பேரனின் கைபற்றி நடக்கிறார். இவ்விடருக்குக் காரணம் கண்புரை.

நம் கண்ணின் பாவைக்குப் பின்னே தெளிந்த வில்லை ஒன்று இயற்கையாகவே அமைந்துள்ளது. புறத்தேயிருந்து வரும் ஒளியை விழித்திரையில் குவிப்பது அதன் தொழில். அவ்வில்லை தெளிவிழந்து மங்குதலே புரை எனப்படும். மங்கிய வில்லையை அறுவை முறையால் அகற்றலாம். அகற்றிய பின்னர் ஒளியைக் குவிப்பது எது? முன்னாளில் அதற்கெனத் தடித்த மூக்குக் கண்ணாடி அணிவித்தனர். அதன் வழியே பொருள்கள் உருப்பெருத்துத் தோன்றின. பக்கப் பார்வை குன்றியது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ, பார்வையும் அதனோடு போயிற்று.

இக்குறையை நீக்க வழி கண்டவர் ஆங்கில மருத்துவர் ஹரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் வானூர்தி ஓட்டியோர் சிலரின் கண்களில், ஊர்தி மூடியின் பிளாஸ்டிக் துணுக்குகள் தைத்திருந்தன. அவற்றைக் கண் வெறுத்து ஒதுக்காது பொறுத்துக்கொண்டதை ரிட்லி கூர்ந்து நோக்கினார். அவ்வகைப் பொருளால் வில்லை செய்வித்து, 1949ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நோயாளி ஒருவரின் கண்ணுள் பொருத்தினார். மருத்துவர் பலர் அதனை முதலில் ஏற்கவில்லை. பல்லாண்டுகள் கழிந்த பின்னரே செல்வ நாடுகளில் அம்முறை நிலைபெற்றது. நம் நாட்டு ஏழையருக்கோ அஃது எட்டாக் கனியாகவே இருந்தது.

பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டிற்கு இறங்கித் தென்கிழக்கே சென்றால் மதுரையை அடையலாம். அம்மாநகரில், அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையில் முடக்குவாதத்தால் தம் விரல்கள் கோணிய நிலையிலும், அறுவைக் கத்தி பிடிக்க விடாது பயின்று தேர்ந்தவர் அவர். ஏழையர் பலருக்கு இலவசமாகவே அறுவை செய்த அம்மருத்துவமனைக்கு, வெளிநாட்டு வில்லையின் விலை பெருந்தடையாயிற்று. ஒரு வில்லை ஏறத்தாழ 100 டாலர். வாங்க இயலாதெனின், நாமே செய்தல் ஆகாதோ என்னும் எண்ணம் எழுந்தது. மருத்துவமனை நடத்துவோர்க்கு இந்நுண்தொழில் கைவருமோ என்று ஐயுற்றோரும் உளர். ஆயினும், டேவிட் கிரீன் என்னும் அமெரிக்கரின் துணையோடு, 1992ஆம் ஆண்டு ஆரோலேப் என்னும் தொழிற்சாலை மதுரையில் தோன்றியது. அங்குச் செய்த வில்லையின் விலை ஏறத்தாழ 10 டாலராகக் குறைந்தது. பின்னர் அதனினும் தாழ்ந்தது.

அவ்வில்லையின் நடுவட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. கண்ணுள் அசையாது நிற்க, அதன் இருபுறமும் வளைந்த மெல்லிய கைகள் உண்டு. பிளாஸ்டிக் வட்டைக் கடைசல் பொறியில் நுட்பமாகக் கடைவர். விளிம்பு வழுவழுப்பாகும்வரை மெருகேற்றுவர். உருப்பெருக்கியின்கீழ் வைத்துக் கீறலும் தூசும் உண்டோ எனத் தேடுவர். ஒளியைக் குவிக்கும் திறனை அளப்பர். உறையிலிட்டு மூடி நுண்கிருமி அழிப்பர். வடிகட்டிய காற்று உலவும் தூய அறையில், தலையுறையும் முகமூடியும் அணிந்தே இப்பணிகளைச் செய்தல் வேண்டும். கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் பலர் இங்குப் பயிற்சி பெற்று இவ்வேலையில் தேர்ந்துள்ளனர்.

மாணவர்களே! இத்தொழிலுக்கும் பிற தொழில்களுக்கும் உள்ள வேற்றுமையை உணருங்கள். பானை வாங்குவோர் தட்டிப் பார்த்து வாங்குவர். செருப்புக் கடித்தால் கழற்றி எறிவர். வில்லையைப் பெறும் முதியவரோ அதனைக் கண்ணால் காண்பதும் இல்லை. பொருத்திய பின் எளிதில் மாற்றுவதும் இயலாது. பயன்பெறுவோர் சோதித்தறிய முடியாத பொருளுக்கு, செய்வோரின் நேர்மையே முதற் சோதனை. ஆயிரம் வில்லைகள் செய்வோர்க்கு, ஒன்று பழுதாதல் ஆயிரத்தில் ஒரு குறை. அதனைப் பெற்றவர்க்கோ, அதுவே முழுக் குறை.

ஆதலின், இத்தொழிலுக்கென ஓர் ஒழுக்கம் உண்டு. வில்லை எப்போது, எப்பொருளால் செய்யப்பட்டது என்பதைப் பின்னர் அறியும் வண்ணம் உறையின்மேல் எண் இடுவர். பழுது தோன்றின், அவ்வெண்ணைக் கொண்டு அதன் வேரைத் தேடிக் களைவர். தன் கையில் நேர்ந்த பிழையைத் தானே முன்வந்து கூறுதல் இங்கு இழிவன்று, கடமை. பிழை செய்தவர் திருந்தலாம். பிழையை மறைத்தவரோ, அறியாத ஒருவரின் பார்வைக்கு ஊறு செய்தவர் ஆவர்.

விலை குறைந்தது தரத்தைக் குறைத்ததனால் அன்று. ஓயாது இயங்கும் பொறிகள், மிகுதியான உற்பத்தி, மிகையான ஆதாயம் நாடாமை ஆகிய மூன்றுமே அதற்குக் காரணம். ஏழைக்குக் கொடுப்பதுதானே, சிறு குறை இருந்தால் என்ன என்று எண்ணியிருப்பின், அத்தொழில் அன்றே அழிந்திருக்கும். அவ்வாறு எண்ணாமையால், மதுரையில் உருவான வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றுள்ளன.

முன்னே கூறிய முதியவரை மீண்டும் எண்ணுவோம். அறுவை முடிந்து கட்டு அவிழ்க்கப்பட்டது. அவர் ஊர் திரும்புகிறார்; பழுத்த காப்பிப் பழத்தின் செம்மையைக் காண்கிறார்; பேரனின் கையை விட்டுத் தாமே நடக்கிறார். தம் கண்ணுள் இருக்கும் வில்லையைக் கடைந்தவர் யார், சோதித்தவர் யார் என்பதை அவர் அறியார். அவர்களும் இவரை அறியார். அறியாத ஒருவருக்காக, பாராட்டுவோர் எவரும் இல்லாத அறையில், ஒரு கீறலையும் விடாது தேடிய அப்பெண்ணின் உழைப்பே இம்முதியவரின் பார்வை. எப்பணியையும் கண்ணும் கருத்துமாகச் செய்க என்று பெரியோர் நமக்குக் கூறுவதன் பொருள் இதுவே.