முப்பது நாள் எழுதிப் பாருங்கள்... துணையோடு!

'எழுதறதா? நானா? பால் கணக்கு, மளிகை லிஸ்ட் தவிர நான் கடைசியா எப்ப எழுதினேன்னே ஞாபகம் இல்லை. போங்க சார்!'

இப்படித்தானே சொல்லப் போகிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். உங்களைக் கதாசிரியர் ஆக்குவது நம் நோக்கம் இல்லை. மனசுக்கும் உடம்புக்கும் ஒரு சின்னப் பயிற்சி. செலவு, ஒரு நோட்டும் ஒரு பேனாவும். கூடவே நாலு பேர் துணை வேண்டும். அந்தத் துணைதான் இந்தப் பாடத்தின் உயிர்.

வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகிற வழியில் இருக்கிற கண்ணமங்கலத்தில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆரணிப் பட்டு நெய்கிற பகுதி. காலையிலிருந்து தறிச் சத்தம். கணவர் தறியில், நீங்கள் தார் சுற்றிக்கொண்டே அடுப்பையும் கவனிக்கிறீர்கள். மகள் கல்லூரிக்கு பஸ் பிடிக்க ஓடுகிறாள். மாமியார் திண்ணையில். நாள் முழுக்க வீட்டில் பேச்சு இருக்கிறது. ஆனால் என்ன பேச்சு? 'சாப்பிட்டாச்சா?', 'கரண்ட் பில் கட்டியாச்சா?', 'புடவை எப்ப இறங்கும்?' மனசுக்குள் கிடக்கிறதே... அப்பா இறந்த வருத்தம், பிள்ளையின் படிப்புக் கவலை, பாதியில் விட்ட பாட்டு கிளாஸ்... அதைப் பேச நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

பேச முடியாததை எழுதலாம். அதற்குத்தான் இந்த முப்பது நாள்.

புதுசா என்ன?

'முப்பது நாள் சவால்' என்றதும் ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். மார்கழி மாசம் நாம் செய்வது என்ன? திருப்பாவையில் முப்பது பாட்டு, நாளைக்கு ஒன்று. அதில் ஒரு நுட்பம் கவனித்திருக்கிறீர்களா? ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை, பத்துப் பாட்டும் தூங்குகிற தோழிகளை எழுப்புகிற பாட்டுகள்! நோன்பு இருப்பவள் தனியாகப் போகவில்லை. வீடு வீடாகப் போய், கிண்டல் பண்ணி, கெஞ்சி, எல்லோரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறாள். வாசல் கோலமும் அப்படித்தான். எதிர்வீட்டில் கோலம் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் நமக்குத் தானாகத் தூக்கம் கலைகிறது அல்லவா?

இதே சூத்திரம்தான் அமெரிக்காவில் 1999-ல் வேலை செய்தது. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பாட்டி என்பவரும் அவர் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று உட்கார்ந்தார்கள். இலக்கு 50,000 சொற்கள், அதாவது நாளைக்கு சுமார் 1,667. பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இதில் சேர்ந்தார்கள். நடத்திய அமைப்பு 2025-ல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் பழக்கம் மூடவில்லை. சின்னச் சின்னக் குழுக்களாகப் பலர் சேர்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீண்ட காலம் எழுதுவதற்கு நம் பக்கத்திலேயே முன்னோடி உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, கால் நூற்றாண்டு, தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அன்றைய அரசியல் மட்டுமா அதில் இருக்கிறது? வியாபாரம், ஊர்ப்பேச்சு, வீட்டு விசேஷம் எல்லாம் இருக்கிறது.

உடம்புக்கு என்ன லாபம்?

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள் எழுதச் சொன்னார். சிலருக்குச் சாதாரண விஷயம். சிலருக்கு, வாழ்க்கையில் தங்களை மிகவும் வருத்திய சம்பவம். சம்பவத்தோடு தங்கள் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகப் போனார்கள்.

1999-ல் ஆஸ்துமா, முடக்குவாதம் உள்ள 112 பேரிடம் ஜோஷுவா ஸ்மித் என்பவர் இதேபோல் மூன்று நாள் சோதித்தார். நாலு மாதம் கழித்துப் பார்த்தபோது, மன வருத்தத்தை எழுதியவர்களில் 47 சதவிகிதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். சாதாரண விஷயம் எழுதியவர்களில் 24 சதவிகிதம்தான்.

உடனே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், 'பலன் உண்டு. ஆனால் சராசரியாகச் சிறியது' என்றுதான் சொல்கிறார்கள். எழுத்து மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று இல்லை.

தூக்கம் வராதவர்களுக்கு ஒரு செய்தி. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 57 பேர் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, நாளைக்குச் செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிப் போனார்கள். தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த வேலை, தாளில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான்!

இரண்டு நோட்டு போடுங்கள்

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். பென்னிபேக்கர் எழுதச் சொன்னது ஊருக்குப் படித்துக் காட்ட அல்ல. எழுதியது ரகசியமாக இருக்கும் என்ற உறுதியோடுதான் எழுதச் சொன்னார்.

ஆகவே ஒரு நோட்டு உங்களுக்கு மட்டும். கோபம், அழுகை, மாமியார் சொன்ன சொல், மருமகள் சொல்லாத சொல், எல்லாம் அதில். பூட்டி வையுங்கள், கிழித்தும் போடலாம். இன்னொரு நோட்டு குழுவுக்கு. அதில், படித்துக் காட்டினால் உங்களுக்கும் சங்கடம் வராத, மற்றவர் குடும்பத்துக்கும் சங்கடம் வராத விஷயங்கள். கண்ணமங்கலம் மாதிரி ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் தெருக்கோடி போய்விடும். 'இங்கே கேட்டது இங்கேயே' என்று முதல் நாளே எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொள்ளுங்கள்.

குழு எப்படி நடத்துவது?

* ஆள்: நாலிலிருந்து ஆறு பேர் போதும். அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், காலேஜ் பெண் என்று வயது கலந்து இருந்தால் சுவாரசியம்.

* அளவு: 1,667 சொல் நமக்கு வேண்டாம். நாளைக்குப் பத்து வரி, அல்லது 15 நிமிடம். எது முதலில் முடிகிறதோ அத்தோடு நிறுத்துங்கள். தறியிலோ தையல் மெஷினிலோ நாள் முழுக்க உழைத்த கைக்கும் கழுத்துக்கும் அதற்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது.

* நேரம்: ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். காபி குடித்ததும், அல்லது மத்தியானம் பாத்திரம் கழுவியதும்.

* தகவல்: எழுதி முடித்ததும் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் 'ஆச்சு' என்று ஒரு வார்த்தை. போன் இல்லாதவர் எதிர்வீட்டு ஜன்னலில் குரல் கொடுக்கலாம்!

* கூட்டம்: ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கலாம். படிக்க விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

* கருத்து: கேட்காமல் பிழை திருத்தாதீர்கள். ஒற்றுப் பிழை, சந்திப் பிழை பார்க்க இது பரீட்சை இல்லை. இரண்டே விஷயம் சொல்லுங்கள். 'இந்த இடம் மனசில் நின்றது', 'இதைப் பற்றி இன்னும் கேட்கணும்போல இருக்கு.' 'நல்லா இருக்கு' என்று மொட்டையாகச் சொல்வதைவிட இது பத்து மடங்கு தெம்பு தரும்.

எழுத வராத பாட்டியை விட்டுவிடாதீர்கள். அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதட்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரியில் வேலை செய்த பெண்கள்கூட இரவில் கூடி உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். கூட்டமாக உட்கார்ந்ததால்தான் கூச்சம் போனது.

ஒரு நாள் விட்டுப் போனால்?

பலரும் கவிழ்கிற இடம் இது. 'பன்னிரண்டாம் நாள் விட்டுடுச்சு, இனிமே என்ன?' என்று நோட்டை மூடிவிடுவார்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு புதுப் பழக்கம் தானாக வருவதற்கு ஒருவருக்கு 18 நாள் ஆனது, இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். நடுவாந்திரமாக 66 நாள். அதைவிட நல்ல செய்தி, நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்கிறோம்? பாவையே வெட்டி எறிகிறோமா? முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறோம்!

ஆகவே, விட்டவரிடம் 'ஏன் எழுதலை?' என்று கேட்காதீர்கள். 'இன்னிக்கு ரெண்டு வரி போதும், வாங்க' என்று கூப்பிடுங்கள்.

என்ன எழுதுவது?

முதல் வாரத்துக்கு மட்டும் சொல்கிறேன். முதன்முதலில் கையில் வாங்கிய கூலி. அம்மா வைக்கும் ஒரு குழம்பு. இப்போது இல்லாத ஒரு கடை. மறக்க முடியாத பஸ் பயணம். நான் நெய்த, அல்லது நான் கட்டிய ஒரு புடவை. ஒரு மழை நாள். யாருக்கோ சொல்ல மறந்த நன்றி. எட்டாம் நாளிலிருந்து தலைப்பை ஆளுக்கு ஒன்றாக நீங்களே கொடுங்கள்.

எச்சரிக்கை!

வருத்தமானதை எழுதிய உடனே மனசு கனக்கும். அழுகையும் வரலாம். பென்னிபேக்கரின் மாணவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. சற்று நேரத்தில் லேசாகிவிட்டால் பயமில்லை. ஆனால் எழுத எழுத அதே நினைப்பு சுழன்று தூக்கம் கெட்டால், பசி போனால், அந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறு எழுதுங்கள். சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் அவசரப்பட்டு அதையே எழுத வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விடாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். குழுவில் யாராவது 'வாழவே பிடிக்கலை' என்ற பொருளில் எழுதினால், அதை 'நல்ல வரி' என்று பாராட்டிவிட்டு நகராதீர்கள். அன்றே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், நேராகக் கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

முப்பதாம் நாள் முடியும்போது உங்களிடம் ஒரு நாவல் இருக்காது. முந்நூறு வரி இருக்கும். உங்கள் பேத்தி என்றைக்கோ அதை எடுத்துப் படிப்பாள். அதற்கும் முன்னால், பக்கத்து வீட்டம்மாவுக்கும் இப்படி ஒரு கவலை இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'எனக்கு மட்டும்தான்' என்ற எண்ணம் பாதி கரைந்திருக்கும். அந்தப் பாதிக்காகவே எழுதலாம்.

சரி, யாரை முதலில் கூப்பிடப் போகிறீர்கள்?