கூலியும் நற்கூலியும்



தமிழ் குர்ஆன் தர்ஜுமாக்களில் ‘நற்கூலி’, ‘மகத்தான கூலி’ என்று திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள். அங்கெல்லாம் பெரும்பாலும் அரபியில் இருக்கும் சொல் ‘அஜ்ர்’. தொழுகைக்கும் நோன்புக்கும் அல்லாஹ் தருவது அஜ்ர். உழைத்தவர் கையில் நாம் வைக்கும் பணமும் அஜ்ர்தான். உஜ்ரத் (கூலி), அஜீர் (கூலிக்கு வேலை செய்பவர்), இஜாரா (கூலி, வாடகை ஒப்பந்தம்) எல்லாம் இதே வேரில் பிறந்தவை. அன்னிஸா சூராவின் 24-வது வசனம் மனைவிக்குரிய மஹரைக்கூட ‘உஜூர்’ என்று இதன் பன்மையால் சொல்கிறது.

மத்யன் கிணற்றடியில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்கு மூஸா (அலை) தண்ணீர் புகட்டினார்கள். கூலி பேசவில்லை, கேட்கவும் இல்லை. நிழலில் ஒதுங்கி துஆச் செய்தார்கள். அப்பெண்களில் ஒருவர் வெட்கத்தோடு நடந்து வந்து, தண்ணீர் புகட்டியதற்கான அஜ்ரைத் தரத் தம் தந்தை அழைப்பதாகச் சொன்னார் (28:25). கேட்காதவரைத் தேடி ஆள் அனுப்பிய வீடு அது!

நம் தமிழிலும் இப்படித்தான். முயற்சிக்குக் கிடைக்கும் பலனை வள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில் கூலி என்றே சொல்கிறார். பிற்காலத்தில் வெள்ளையர் தோட்டங்களுக்கு ஏற்றிச்சென்ற மனிதர்களையே ‘கூலி’ என்று அழைத்தார்கள். உரிமையின் பெயர் ஏச்சாகிவிட்டது.

கொங்குப் பகுதியில் இந்தச் சொல் இன்னும் மரியாதையோடுதான் இருக்கிறது. நகைக்கடை ரசீதில் ‘செய்கூலி’ பார்க்கிறோம். சோமனூர், பல்லடம் பக்கம் சொந்தத் தறி வைத்திருப்பவரும் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கி, மீட்டர் கணக்கில் கூலிக்கு நெய்கிறார். 2022 ஜனவரியில் விசைத்தறிகள் நின்றது அந்தக் கூலியை உயர்த்திக் கேட்டுத்தான். அதே தறிக்காரர், வாரக்கடைசியில் தன் தறியில் நிற்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டியவர். தனக்கு வர வேண்டியது தாமதமானால் துடிக்கிறவர், தன் ஆளிடம் “அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்கிறாரா? நம் பட்டறைகளிலும் கடைகளிலும் என்ன நடக்கிறது?

வியர்வை உலர்வதற்குள் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (இப்னு மாஜா). முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று புகாரியில் வருகிறது.

இன்னொன்று. “வேலையைப் பாருப்பா, போட்டுக் கொடுத்துக்கலாம்” என்கிறோமே, ஃபிக்ஹில் அது குறையுள்ள இஜாரா. கூலி முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேசாமல் வேலை முடிந்துவிட்டால் ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ கடமையாகும். அதாவது, அந்த வேலைக்கு அந்த ஊரில் வழக்கமாக என்ன கூலியோ, அதைக் கொடுக்க வேண்டும். கூச்சப்பட்டு அவர் கேட்காமலே போயிருந்தாலும் அது உங்கள் மீது கடன்தான்.